சத்தத்தை வெளியே வைக்கிற பெட்டி

செய்தி வந்தபோது பகல் பதினொன்றேகால் இருக்கும். எட்டாம் வகுப்புக்குக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் வாசலைப் பார்த்தார்கள். நானும் திரும்பினேன். உரும்பிராய்க் கதிரவேலு நின்றார். மேலில் சட்டையில்லை. சாரத்தை மடித்துக் கட்டியிருந்தார். முழங்கால்வரை தோட்டத்துச் செம்மண் காய்ந்து வெடித்திருந்தது. வெங்காயத்துக்கு நடுவிலிருந்து எழுந்து நேரே சைக்கிளில் ஏறி வந்திருக்கிறார் என்று கண்டவுடனே தெரிந்தது.

“வாத்தியார், ஒருக்கா வெளியிலை வாருங்கோ.”

போனேன்.

“அண்ணைக்குக் காயம். வெளிக்கிடுங்கோ.”

அந்த நாட்களில் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் முதலில் காயம்தான். யாரும் சாவை நேரே சொல்வதில்லை. கேட்பவன் சைக்கிள் மிதித்து அந்த இடத்துக்குப் போய்ச் சேரும்வரைக்கும் அந்தச் சொல் அவனைத் தாங்கட்டும் என்று விடுவார்கள். ஆனால் கதிரவேலுவின் தோளில் அண்ணையின் வேலைச் சாமான் பை தொங்கியது. ஆள் காயப்பட்டிருந்தால் பை ஆளோடு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கும். நான் கையை நீட்டினேன். அவர் தரவில்லை.

“பாரம். நான் கொண்டு வாறன்” என்றார்.

கந்தர்மடம் தாண்டினோம். பிறகு அவர் என்னைப் பார்க்காமல், முன்சில்லைப் பார்த்துக்கொண்டு, “அந்தாள் ஓடிவந்து கத்தினபடியாலைதான் நான் இப்ப சைக்கிள் ஓடுறன்” என்றார்.

அவர் சொன்னது விளங்க வேண்டுமென்றால் என் அண்ணை யாகோப்பு எப்படிப்பட்ட ஆள் என்று தெரிய வேண்டும். அவரைப் போலப் பயந்த ஒருவரை நான் வாழ்க்கையில் கண்டதில்லை.

எங்கள் ஊர் கடற்கரைக் குருநகர். எங்கள் அப்பு பேதுரு கடலுக்குப் போனவர். மூத்த மகனும் போக வேண்டும் என்றுதான் இருந்தார். அண்ணையை வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு போன முதல் நாளே அவர் சத்தியெடுத்து, கண் செருகி, பாயில் சுற்றிய மீன் மாதிரித் திரும்பி வந்தார். இரண்டாம் முறை வள்ளத்தின் விளிம்பைப் பிடித்த கையைக் கழற்ற ஆட்கள் தேவைப்பட்டார்களாம். அதோடு அப்பு விட்டுவிட்டார். மீனுக்கு ஐஸ் அடிக்கிற தொழிற்சாலையில் அண்ணை வேலைக்குச் சேர்ந்தார். “பேதுருவின்ரை மூத்தவன் கரையிலை நிண்டு ஐஸ்கட்டி பிடிக்கிறானாம்” என்று ஊர் சிரித்தது.

அந்தத் தொழிற்சாலையில்தான் அவருடைய காது பழகியது. நாள் முழுக்க இயந்திரங்களுக்கு நடுவில் நின்று, எது சரியாக ஓடுகிறது, எது ஓடுகிற மாதிரி நடிக்கிறது என்று கேட்டே சொல்லுவார். ஒருநாள் அமோனியாக் குழாய் ஒன்று கசியத் தொடங்கியது. மணம் வருவதற்கு முன்னமே அந்தச் சீறலைக் கேட்டு அண்ணை வெளியே ஓடினார். ஏன் ஓடுகிறான் என்று தெரியாமலே மற்றவர்களும் ஓடினார்கள். எல்லோரும் பிழைத்தார்கள். பிறகு அதைச் சொல்லி அவரைப் பாராட்டினால் அவருக்குக் கோபம் வரும். “நான் ஒருத்தரையும் காப்பாத்தேல்லை. எனக்குப் பயம், ஓடினனான். அவ்வளவுதான்.”

பிறகு சவுதிக்குப் போனார். தம்மாமில் வீடு வீடாகப் போய்க் குளிரூட்டிப் பெட்டிகளைப் பொருத்திப் பூட்டுகிற வேலை. இரண்டாகப் பிரித்துப் பூட்டுகிற வகை. ஒரு பெட்டி அறைக்குள்ளே சுவரில் இருக்கும், மற்றது வெளியே இருக்கும், இரண்டையும் செப்புக் குழாய் இணைக்கும். விடுமுறையில் வந்தபோது அதை எங்களுக்கு விளங்கப்படுத்தினார். “குளிரை உள்ளுக்கு வைக்கும். சத்தத்தை வெளியாலை வைக்கும். அதுதான் விசயம். உள்ளுக்கு இருக்கிறவன் ராசா மாதிரி நித்திரை கொள்ளுவான். சத்தம் அயலட்டைக்கு.”

எண்பத்து நாலில் அங்கிருந்து ஒரேயடியாக வந்துவிட்டார். மார்கிரட் அண்ணியைக் கட்டினார். அப்போது கடல் வலயம், மீன்பிடிக்கத் தடை என்று வள்ளங்கள் கரையிலேயே கிடந்தன. மீன் இல்லாத ஊரில் ஐஸுக்கு வேலையில்லை. அண்ணை வீடுகளில் பிரிட்ஜ் திருத்தினார்.

ஆமியின் ஹெலிகொப்டர்கள் வந்து சுடத் தொடங்கிய பிறகு அவருடைய காது எங்கள் ஒழுங்கைக்கு, அந்தக் குறுகிய தெருவிலுள்ள எல்லா வீட்டுக்கும், பொதுச்சொத்தாகிவிட்டது. மற்றவர்களுக்குக் கேட்க முதல் அவருக்குக் கேட்கும். கேட்டவுடன் தலையை ஒரு பக்கம் சரிப்பார். அதைக் கண்டால் பெண்கள் அடுப்பை அணைப்பார்கள், பிள்ளைகளைத் தூக்குவார்கள், வளவில் வெட்டிய பங்கர்க் குழிக்குள் போய்விடுவார்கள். ஒருமுறை குளித்துவிட்டுக் காதுக்குள் போன தண்ணியை எடுக்கத் தலையைச் சரித்துக்கொண்டு நின்றிருக்கிறார். முழு ஒழுங்கையும் பங்கருக்குள். பக்கத்து வீட்டு மரியநாயகி, மீன் விற்கிறவ, வெளியே வந்து இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டா:

“யாகோப்பு, இனிக் காதிலை தண்ணி போனால் முதல் எங்களுக்குச் சொல்லிப்போட்டுத் தலையைச் சரி. நான் கறியை அடுப்போடை விட்டிட்டு ஓடினனான்.”

“கருகிப்போச்சோ?”

“நீ வந்து தின்.”

சிரிப்புத்தான். ஆனால் உண்மையில் ஹெலி வரும்போது அவரைப் பார்க்கக் கூடாது. பங்கருக்குள் போனவுடன் சத்தியெடுப்பார். அண்ணி ஒரு கையால் செபமாலையையும் மற்றக் கையால் அவருடைய கணுக்காலையும் பிடித்துக்கொண்டிருப்பா. போய்விட்டது என்று எல்லோரும் எழும்பிய பிறகும் அவர் இருப்பார். “நில்லுங்கோ, இன்னும் கிடக்கு” என்பார். கொஞ்சம் பொறுத்து, “இப்ப சரி” என்பார். ஒரு நாளும் அது பிழையாய்ப் போனதில்லை.

எண்பத்தாறு பங்குனியில் உரும்பிராயிலிருந்து ஆழ்வாப்பிள்ளை எங்கள் வீட்டுக்கு வந்தார். வெள்ளை வேட்டி, சைக்கிளில் குடை கட்டியிருந்தது. தோட்டக்காரர். சண்டைக்குப் போகாத, சத்தமாய்க் கதைக்காத மனிதர். மகள் பத்மாசினிக்கு இரண்டு வருடத்துக்கு முன் மண்ணெண்ணெய் அடுப்பு வெடித்து உடம்பு எரிந்துவிட்டது. முதுகு, நெஞ்சு, இரண்டு கைகளும். காயம் ஆறிவிட்டது. ஆறிய தோலில் வேர்வை வராது.

“வெக்கை உள்ளுக்கையே நிண்டு அவிக்குது தம்பி. போன சித்திரையிலை பிள்ளை நினைவில்லாமல் போயிட்டுது. இனியொருக்கா அப்பிடி வந்தால் தாங்காது எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். குளிர் அறையிலை வைச்சிருக்க வேணுமாம். கட்டாரிலை இருக்கிற மகன் மெசின் அனுப்பிப்போட்டான். வந்த பெட்டி வந்த மாதிரிக் கிடக்கு. பூட்டத் தெரிஞ்ச ஆள் இல்லை. கொழும்பிலை கேட்டால் இஞ்சை வரமாட்டினமாம்.”

அண்ணை கேட்டார், “உரும்பிராயிலை எவடம் ஐயா?”

“பலாலி றோட்டுக்குக் கிழக்காலை.”

“ஹெலி போற பாதை.”

“ஓம். போகும், வரும்.”

அண்ணை ஜன்னலால் வானத்தைப் பார்த்தார். பிறகு, “என்னாலை ஏலாது ஐயா” என்றார். அண்ணி கதவோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தா. அவவின் முகம் ஆறுதலடைந்ததைக் கண்டேன்.

ஆழ்வாப்பிள்ளை கெஞ்சவில்லை. எழும்பவும் இல்லை. “பூட்ட வேண்டாம். ஒருக்கா வந்து பிள்ளையைப் பாத்திட்டுப் போங்கோ” என்றார்.

அந்தச் சனிக்கிழமை அண்ணையோடு நானும் போனேன். பத்மாசினி குசினிக்குப் பக்கத்தில் வெறும் சீமெந்து நிலத்தில் கிடந்தாள். தாய் மகாதேவி கிணற்றுத் தண்ணியில் நனைத்த சீலையை மேலே போட்டுக்கொண்டிருந்தா. போட்டுக் கொஞ்ச நேரத்திலேயே சீலை காய்ந்தது. பிள்ளையின் முகத்தில் எரிவு படவில்லை. அது மட்டும் சிவந்து, அடுப்பில் வைத்த சட்டி மாதிரி இருந்தது. இருபத்திரண்டு வயது.

“நீங்கள்தானோ குருநகர் அண்ணை? என்னைக் கருவாடாக விடமாட்டியள் எண்டு அப்பா சொன்னவர்.”

“கருவாடு வெயிலிலை தங்கச்சி. நாங்கள் ஐஸிலை வைக்கிற ஆக்கள்.”

“மெல்லக் கதையுங்கோ. எங்கடை வீட்டிலை மீன் எண்டு வாயெடுத்தாலே அம்மா குளிக்கச் சொல்லுவா.”

அண்ணை சிரித்தார். பிறகு அறையைப் பார்க்கப் போனார். சுற்றிப் பார்த்துவிட்டு வந்து, ஆழ்வாப்பிள்ளையிடம் நேரே சொன்னார்.

“ஐயா, பூட்டலாம். ஆனால் நான் சொல்லுறதை வடிவாக் கேளுங்கோ. குளிர் நிக்க வேணுமெண்டால் அறையை இறுக்க மூட வேணும். ஜன்னல், கதவு, ஓட்டுக்குக் கீழை இருக்கிற நீக்கல் எல்லாம். மூடினால் உள்ளுக்கு ஒண்டும் கேளாது. ஹெலி தலைக்கு மேலை வந்தாலும் பிள்ளைக்குத் தெரியாது. எனக்கு அதுதான் பயம்.”

“நாங்கள் வெளியிலை இருப்பம் தம்பி. கேட்டவுடனை உள்ளுக்குப் போய்க் கூட்டிக்கொண்டு ஓடுவம்.”

நிலத்தில் கிடந்தபடியே பத்மாசினி சொன்னாள், “ஹெலிச் சத்தம் கேளாத அறையோ? அப்பா, ஊருக்கு வாடகைக்கு விடுவம்.”

அண்ணை அப்போதும் ஓம் என்று சொல்லவில்லை. திரும்பி வரும்போது கோண்டாவில் தாண்டியதும், “சித்திரை இன்னும் வரேல்லை. இப்பவே இப்பிடி” என்றார். அதுதான் ஓம்.

அடுத்த கிழமை தொடங்கினோம். காஸ் சிலிண்டரைச் சாக்கில் சுற்றி அண்ணையின் சைக்கிள் கரியரில் கட்டி, செப்புக் குழாய்ச் சுருளை நான் தோளில் மாட்டிக்கொண்டு, பெரிய றோட்டை விட்டு ஒழுங்கைகளால் போனோம். மேலேயிருந்து பார்த்தால் என்னவாகத் தெரியும் என்று அண்ணைக்குப் பயம். ஒரு சந்தியில் காவலுக்கு நின்ற இயக்கப் பெடியள் மறித்துச் சாக்கைத் தட்டிப் பார்த்தார்கள். “குளிர்க் காஸ்” என்றார் அண்ணை. “எங்களுக்கும் கொஞ்சம் அடிச்சு விடுங்கோவன்” என்று சொல்லி எங்களைப் போகவிட்டார்கள்.

வெளிப்பெட்டியை எங்கே வைப்பது என்பதில் அரை நாள் போயிற்று. அதன் வெள்ளைத் தகடு பளபளத்தது. கூரையில் வைத்தால் வானத்துக்குத் தெரியும். ஏதோ தொடர்புக் கருவி என்று நினைத்துவிட்டால் என்ன செய்வது? ஆழ்வாப்பிள்ளை தென்னோலைக் கிடுகால் மூடிவிடலாம் என்றார். “மூடினால் அதுக்கு மூச்சு முட்டும் ஐயா, நிண்டு போகும்” என்றார் அண்ணை. கடைசியில் பலாமர நிழல் எந்நேரமும் விழுகிற வடக்குச் சுவரில், இரும்புத் தாங்கி அடித்துப் பூட்டினோம். சுவர் பழைய சுண்ணாம்புக்கல். குழாய்க்கு ஓட்டை போட உளியால் அடிக்க அடிக்க வெள்ளைத் தூள் கொட்டியது. அண்ணை அடிப்பார், நிறுத்துவார், தலையை உயர்த்திக் கேட்பார், திரும்பவும் அடிப்பார். உளி அடிக்கிற நேரம் காது அடைத்துவிடும் என்பது அவருக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

குழாய்களைப் பொருத்தி, கொஞ்சம் காஸ் விட்டு, மூட்டுகளில் சவர்க்கார நுரை தடவினார். நுரை குமிழி விடவில்லை. அது அவருக்குப் போதாது. எல்லோரையும் சத்தம் போடாமல் இருக்கச் சொன்னார். மகாதேவி கிணற்றில் கப்பியை நிறுத்தினா. அண்ணை ஒவ்வொரு மூட்டிலும் காதை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அந்த நேரம் மட்டும் அவர் முகத்தில் பயம் இல்லை. அதை நான் அப்போதே கவனித்தேன்.

சுவிச்சைப் போட்டதும் உள்ளே ஒரு சத்தமும் இல்லை. வெளியே பெட்டி ஒருமுறை குலுங்கி ஓடத் தொடங்கியது. தாங்கியின் அதிர்வு கல்சுவரில் ஏறி, ஓட்டுக் கூரையின் கீழுள்ள வெறும் வெளிக்குள் புகுந்து, அங்கிருந்து ஒரு தடித்த இரைச்சலாய் வெளிவந்தது. டுக், டுக், டுக் என்று. தூரத்தில், பனைகளுக்கு மேலே எதுவோ வருகிற மாதிரி.

வேலிக்கு அப்பால் ஒரு பெண்ணின் கூக்குரல் கேட்டது. பிறகு ஓடுகிற கால்கள். ஒரு வாளி கவிழ்ந்தது. அயலில் நாலைந்து வீடும் பங்கருக்குள் போய்விட்டது. ஆழ்வாப்பிள்ளை வேலியில் ஏறி நின்று, “எங்கடை மெசின், எங்கடை மெசின்” என்று கூப்பிட்டார். கடைசியாக வெளியே வந்தவர் கதிரவேலு. அப்போதுதான் அவரை முதல் கண்டேன். ஒரு கன்னம் சவரம் செய்திருந்தது. மறு கன்னத்தில் சவர்க்காரமும் பங்கர் மண்ணும்.

“ஆழ்வார் அண்ணை, இதென்ன? வீட்டிலை ஹெலி வாங்கி வைச்சிருக்கிறியளோ?”

“பிள்ளைக்கு ஏசி.”

“ஏசியோ? எனக்குச் சீவன் போட்டுது. என்ரை மனிசி நெல்லுச்சாக்கைப் பிள்ளை எண்டு தூக்கிக்கொண்டு ஓடிட்டாள்.”

எல்லோரும் சிரித்தார்கள். பத்மாசினி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று சிரித்தாள். அண்ணை மட்டும் சிரிக்கவில்லை. பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மெசின் நன்றாய் வேலை செய்தது. அன்று பின்னேரம் பத்மாசினி அறைக்குள் போய்க் கட்டிலில் படுத்தாள். முகத்தின் சிவப்பு மெல்ல இறங்கியது. போர்வை கேட்டாளாம். இரண்டு வருடத்துக்குப் பிறகு பிள்ளை போர்வை கேட்டது என்று மகாதேவி அழுதா.

சித்திரை பிறந்து கொஞ்ச நாளில் ஆழ்வாப்பிள்ளை எங்கள் வீட்டுக்கு ஒரு குலை கதலி வாழைப்பழம் கொண்டுவந்தார். சந்தோசமாய் இருந்தார். “பிள்ளை நல்லாயிருக்கிறாள். இப்ப அயலிலை ஒருத்தரும் ஓடுறேல்லை தம்பி. எல்லாருக்கும் சத்தம் பழகிப்போச்சு. முந்தாநாள் நல்ல பகிடி. உண்மையான ஹெலி பதிஞ்சு, தாழ்வா வந்தது. கதிரவேலு குந்தி இருந்து வெங்காயத்துக்குப் புல்லுப் பிடுங்குறான், நிமிந்தும் பாக்கேல்லை. எங்கடை மெசின் எண்டு நினைச்சானாம். தலைக்கு மேலாலை போகேக்கைதான் கண்டவன்.”

“சுட்டவங்களோ?” அண்ணையின் குரல் மாறியிருந்தது.

“இல்லை, அது தன்ரை பாட்டிலை போயிட்டுது.”

அவர் போன பிறகு அண்ணை சாப்பிடவில்லை. அண்ணி தட்டை மூடி வைத்தா. “நான் அந்தச் சனத்தின்ரை காதைப் பிடுங்கிப்போட்டன்” என்றார். நான், பகலில் மெசினை நிறுத்தச் சொல்லலாமே என்றேன். “பகலிலைதான் வெக்கை. பகலிலைதான் ஹெலி. எப்ப நிப்பாட்டுறது?”

ஒரு வழிதான் இருந்தது. பெட்டியைச் சுவரிலிருந்து இறக்க வேண்டும். நிலத்தில் சீமெந்துக் கட்டு ஒன்று போட்டு, அதன்மேல் நிறுத்தி, ஒவ்வொரு காலுக்கும் கீழே தடித்த ரப்பர் வைத்தால் இரைச்சல் அடங்கும். பத்தடிக்கு அப்பால் கேளாது. அந்தச் சீமெந்துக் கட்டை ஆழ்வாப்பிள்ளையே போட்டுக் காயவிட்டார். பழைய லொறி டயர்த் துண்டு ஒன்றை அண்ணை தேடிப் பிடித்தார். அதை அறுத்துக்கொண்டிருந்தபோது அண்ணி கேட்டா.

“இஞ்சருங்கோ, உங்களுக்கு அங்கை போகப் பயமில்லையோ?”

“பயம்தான். அதாலைதான் போறன்.”

அண்ணி, கத்தி ரப்பரில் இறுகாமல் இருக்கத் தண்ணி ஊற்றினா.

அவர் அந்த வேலைக்குப் போன நாள் பள்ளிக்கூட நாள். அதனால் நான் கூட இருக்கவில்லை. அங்கே நடந்ததை ஆழ்வாப்பிள்ளையும் பத்மாசினியும் கதிரவேலுவும் சொல்ல, மூன்று பேரிடமும் கேட்டுத்தான் தெரியும். மூன்று பேரும் ஒரேமாதிரித்தான் சொன்னார்கள்.

காலையில் பெட்டியை இறக்கிச் சீமெந்துக் கட்டின்மேல் நிறுத்தினார்கள். பிறகு அண்ணை மெசினை ஓடவிட்டு, எந்தக் கால் அதிகமாய் அதிர்கிறது என்று காதை வைத்துப் பார்ப்பார். நிறுத்தச் சொல்வார். பெட்டியைத் தென்னி உயர்த்தி ரப்பரைச் செருகுவார். திரும்ப ஓடவிடுவார். சுவிச் அறைக்குள் இருந்ததால் பத்மாசினிதான் போட்டு நிறுத்தினாள். மூடிய ஜன்னலில் அண்ணை தட்டுவார், அவள் நிறுத்துவாள். காது பெட்டியோடு இருக்கிறபடியால், வானத்தைப் பார்க்க ஆழ்வாப்பிள்ளையை முற்றத்தில் நிற்கவைத்திருந்தார். “ஐயா, இப்ப நீங்கள்தான் என்ரை காது” என்று சொன்னாராம். ஆழ்வாப்பிள்ளை அதைச் சொல்லும்போது ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் நின்றுவிடுவார்.

ஒவ்வொரு ரப்பருக்கும் இரைச்சல் குறைந்துகொண்டு வந்தது. கடைசி ரப்பரைக் கையில் எடுத்துக்கொண்டு அண்ணை ஜன்னலில் தட்டினார். இரைச்சல் நிற்கவில்லை. திரும்பத் தட்டினார். பெட்டியின் பின்பக்கம் குந்தியிருந்தபடியே பலமாய்ச் சொன்னார்:

“தங்கச்சி, நிப்பாட்டும்.”

அவள் ஜன்னலைத் திறந்து, தலையை வெளியே நீட்டி, “நிப்பாட்டிட்டன் அண்ணை. அப்பவே நிப்பாட்டிட்டன்” என்றாள்.

அண்ணை பெட்டியின் மேல் கையை வைத்தார். அது அதிரவில்லை. அவருடைய தலை ஒரு பக்கம் சரிந்ததைப் பத்மாசினி கண்டாள். ஆழ்வாப்பிள்ளை வானத்தைப் பார்த்துக்கொண்டுதான் நின்றார். ஆனால் அது பலாமரத்துக்கும் கூரைக்கும் பின்னால், தாழ்வாக வந்தது. சத்தம் அவருக்குக் கேட்டது. மெசின் என்றுதான் அவரும் நினைத்தார்.

“ஐயா, பிள்ளை.” அண்ணை சொன்னது அவ்வளவுதான். ஆழ்வாப்பிள்ளை உள்ளே ஓடி மகளை இழுத்துக்கொண்டு பின்பக்கத்துப் பங்கருக்குப் போனார். அண்ணை நின்ற இடத்திலிருந்து அந்தப் பங்கருக்குப் பத்துப் பாகத் தூரம்கூட இல்லை. அவர் வேலிப் பக்கம் பார்த்திருக்கிறார். அங்கே கதிரவேலுவும் மனிசியும் வெங்காயத்துக்குள் குந்தியிருந்தார்கள். அதற்கப்பால் இன்னும் சிலர். ஒருவரும் ஓடவில்லை. ஒருவரும் நிமிரக்கூட இல்லை.

அண்ணை வேலியில் இருந்த பொட்டு ஓட்டைக்குள்ளால் ஒழுங்கைக்கு ஓடினார். மறைவில்லாத வெளி வெட்டை. ஓடிக்கொண்டே கத்தினார். கதிரவேலு அந்தக் குரலை அப்படியே சொல்லிக் காட்டினார். “அது மெசின் இல்லை. மெசின் நிண்டிட்டுது. மெசின் நிண்டிட்டுது.”

அவர்கள் எழும்பி ஓடினார்கள். தோட்டத்தில் நின்ற எல்லோரும் ஓடினார்கள். தண்ணி இறைக்கிற தொட்டியின் மறைவில் விழுந்து படுத்த பிறகு கதிரவேலு திரும்பிப் பார்த்தார். ஹெலி சுட்ட சூட்டில் செம்மண் வரிசையாய்க் கிளம்பி ஒழுங்கைப் பக்கம் போனது. அண்ணை அப்போதும் ஒழுங்கையில்தான் நின்றார். அடுத்த வீட்டுப் படலைக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்.

நான் போனபோது அவரை ஆழ்வாப்பிள்ளையின் விறாந்தையில் பாயில் கிடத்தியிருந்தார்கள். மகாதேவி முகத்தைத் துடைத்துவிட்டிருந்தா. சைவ வீடு. அவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஆனாலும் தலைமாட்டில் விளக்கு ஏற்றி, அவருடைய கழுத்துச் சிலுவையை வெளியே எடுத்து நெஞ்சின்மேல் நேராய் வைத்திருந்தார்கள்.

அடக்கம் முடிந்த பிறகு ஆழ்வாப்பிள்ளை மெசினைப் போடவில்லை. கதிரவேலு வந்து சொன்னார். பிள்ளை திரும்பவும் சீமெந்து நிலத்தில் கிடக்கிறாள், முந்தின நாள் சன்னி மாதிரிப் பிதற்றினாள், தகப்பன் சுவிச்சுக்குக் கிட்டப் போகமாட்டேன் என்கிறார் என்றார். அண்ணி கறுப்புச் சீலையோடு எழும்பி, “என்னை அங்கை கூட்டிக்கொண்டு போங்கோ தம்பி” என்றா.

முற்றத்தில் ஆழ்வாப்பிள்ளை அவவின் காலில் விழப் போனார். அண்ணி பின்னால் விலகினா.

“ஐயா, மெசினைப் போடுங்கோ.”

“எனக்கு அந்தச் சத்தம் கேக்க ஏலாதம்மா.”

“எனக்கும் ஏலாது. போடுங்கோ.”

பத்மாசினியே சுவரைப் பிடித்துக்கொண்டு போய்ப் போட்டாள். அண்ணி அது ஓடுகிறவரைக்கும் நின்று கேட்டுவிட்டு வந்து சைக்கிள் கரியரில் ஏறினா.

இப்போது அந்த அயலில் ஒரு வழக்கம் வந்திருக்கிறது. யாரும் கூடிப் பேசி வைத்ததல்ல. பகலில் இடைக்கிடை பத்மாசினி மெசினை நிறுத்துவாள். நிறுத்தியவுடன் தோட்டத்தில் மண்வெட்டி நிற்கும், கிணற்றில் கப்பி நிற்கும், பிள்ளைகளும் வாயை மூடிக்கொள்வார்கள். எல்லோரும் தலையைச் சரித்துக்கொண்டு நிற்பதைப் போன கிழமை என் கண்ணால் கண்டேன். பிறகு வெங்காயத்துக்குள்ளிருந்து கதிரவேலு கூப்பிடுவார்: “ஒண்டுமில்லைப் பிள்ளை, போடு.”

பெட்டி சீமெந்துக் கட்டின்மேல்தான் நிற்கிறது. மூன்று கால்களுக்குக் கீழே ரப்பர் இருக்கிறது. நாலாவது காலுக்கு வைக்கவில்லை.